பாலத்தடித் தூண்டிலும் கோயில் தொண்டும்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தப்ப ஒரு அக்கா எங்களைப் பார்த்து நேராவே கேட்டாங்க. "நேத்து ராத்திரி பாலத்தடியில உயிர் இறாலை முள்ளுல குத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களாமே. இன்னிக்கு அதே கையால அம்மனுக்குப் பூ எடுத்துக் குடுக்கிறீங்களே, சரியா இது?"

எங்கள்ல யாரும் பதில் சொல்லல. ஒருத்தர் சிரிச்சு மழுப்பினார். ஒருத்தர் குழாயை இன்னும் வேகமா திறந்து விட்டார். அக்கா கேட்டதுல தப்பு இல்ல. ஆனா பாத்திரத் தொட்டிகிட்ட நின்னு ரெண்டு வார்த்தையில பதில் சொல்ல முடியாது. அதனாலதான் இங்க எழுதறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒப்புக்கறோம். ஆமா, நாங்க மீன் பிடிக்கறோம். நாங்கன்னா, இந்தக் கோயில்ல பந்தல் போடறது, தேர் வடம் பிடிக்கறது, தைப்பூசத்துல தண்ணீர்ப் பந்தல்ல நிக்கறதுன்னு இருக்கற ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் தொழிற்சாலையில ஷிஃப்ட் வேலை. ராத்திரி வேலை இல்லாத நாள்ல, வீட்ல எல்லாரும் தூங்கின பிறகு, பினாங்குப் பாலத்துக் கரையோரம் போய் உட்காருவோம். படகு கிடையாது. படகு வாங்கற வசதியும் இல்ல. கரையிலேர்ந்து எறிஞ்சா எந்தத் தூண் எட்டுதோ, அதுதான் எங்க எல்லை.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறோம். பாலத்துக்கு மேல வண்டியை நிறுத்தி யாரும் தூண்டில் போடறதில்ல. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நாங்க சொல்றது கீழே, கரையில.

1985ல பாலம் திறக்கறதுக்கு முன்னால தீவுக்கும் பெருநிலத்துக்கும் பெர்ரிதான் ஒரே வழி. எங்கள்ல மூத்தவங்களுக்கு அந்தக் காலம் நல்லா ஞாபகம் இருக்கு. பதிமூன்றரை கிலோமீட்டர் நீளப் பாலம், அதுல எட்டுக் கிலோமீட்டருக்கு மேல கடல் மேலயே போகுது. 2014ல பத்து மாவுங்கிலேர்ந்து பத்து காவானுக்கு ரெண்டாவது பாலமும் வந்துடுச்சு. மேல போறவங்களுக்கு அது ரோடு. கீழே இருக்கற மீனுக்கு ஒவ்வொரு தூணும் ஒரு வீடு.

இப்ப அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம்.

மீன் பிடிக்கறது பாவமா? சைவ உணவு சாப்பிடற பக்தர்கள் அப்படி நினைக்கலாம், அவங்க நெறிக்கு நாங்க தலை வணங்கறோம். ஆனா நம்ம அறுபத்து மூவர்ல அதிபத்த நாயனார் இருக்கார். நாகப்பட்டினத்துல நுளைப்பாடியில மீனவர் தலைவர். தினமும் வலையில விழற மீன்ல ஒண்ணை, நல்ல மீனாப் பார்த்து, சிவனுக்குன்னு கடல்லயே திருப்பி விட்டுடுவார். ஒரு காலத்துல நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைச்சது. அதையும் விட்டுட்டு பட்டினி கிடந்தார். கடைசியில பொன்னும் மணியுமா மின்னற மீன் ஒண்ணு சிக்குச்சு. அதையும் விட்டார். ஆவணி மாசத்துல அவருக்கு குருபூஜை. திருவிளையாடல்ல சிவபெருமானே வலை வீசின கதையும் உங்களுக்குத் தெரியும்.

அதனால மீன் பிடிக்கறவன் கோயிலுக்குள்ள வரக்கூடாதுன்னு நம்ம சமயம் சொல்லல. ஆனா அதிபத்தர் கதையை நம்ம வசதிக்கு வளைச்சுக்கவும் கூடாது. அவர் பெருமை மீன் பிடிச்சதுல இல்ல, விட்டதுல இருக்கு. எங்க தப்பும் அங்கதான். பிடிக்கறதை நல்லாக் கத்துக்கிட்டோம். விடறதையும், இடத்தைச் சுத்தமா விட்டுட்டு வர்றதையும் ரொம்ப நாள் கத்துக்கல.

பாலத்தடியில என்னதான் நடக்குதுன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் விளக்கறோம். அப்பதான் பின்னால சொல்லப் போறது புரியும்.

தூண்ல சிப்பியும் தெரித்திப்பும் ஒட்டி வளருது. அதைச் சுத்தி சின்ன நண்டு, இறால், பொடி மீன். அதைத் தின்ன சியாக்காப், அதாவது நம்ம கொடுவா, அப்புறம் களவா, ஜெனாஹாக் எல்லாம் வரும். ஓடற தண்ணி தூண்ல முட்டினா, தூணுக்குப் பின்பக்கம் சுழிச்சுக்கிட்டு வேகம் குறையும். பெரிய மீன் அந்த நிழல்ல சும்மா நிக்கும். இரை தானா அடிச்சுக்கிட்டு வரும், வாயைத் திறந்தா போதும். அதனால தூண் மேலயே குறிவெச்சு எறியறவன் தங்கூசியை அறுத்துக்கறான். தெரிஞ்சவன் தண்ணி வர்ற பக்கமா எறிஞ்சு, இரையை மெதுவா சுழிப்போட ஓரத்துக்கு மிதக்க விடுவான்.

இறாலை எப்படிக் குத்தறதுங்கறதும் ஒரு விஷயம். தலையில கொம்புக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அதைத் தொடாம, கொம்பு ஓட்டுல மட்டும் முள்ளை ஏத்தினா இறால் ரொம்ப நேரம் நீந்தும். திட்டுல பட்டா அப்பவே போயிடும். இல்லன்னா வால் பக்கம் கடைசிக் கணுவுல ஏத்தலாம். வாளியில கடல் தண்ணி, பேட்டரிக் காத்து பம்ப்பு, வெயில் படாத இடம் இருந்தா போதும். வீட்டுக் குழாய்த் தண்ணி ஊத்தினா அதுல இருக்கற குளோரினே கொன்னுடும். நிறைய இறாலைப் போட்டு நெரிச்சாலும் செத்துடும். "எப்படியும் சாகப் போறதுதானே"ன்னு சில தம்பிங்க சொல்லுவாங்க. அது எங்களுக்குப் பிடிக்காத பேச்சு. ராத்திரிக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் வாங்கணும். மிச்சத்தைக் கரையில கொட்டிட்டு வர்றது நல்ல பழக்கம் இல்ல.

அடுத்தது தண்ணி. இங்கதான் கோயில் காலண்டர் எங்களுக்கு உதவுது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல ஏத்தமும் பெரிசு, வத்தமும் பெரிசு, ஓட்டம் கடுமை. அஷ்டமி, நவமியை ஒட்டி ஓட்டம் அடங்கும். நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு நாம ஒதுக்கற அஷ்டமிதான் கரையில நிக்கற தூண்டில்காரனுக்கு நல்ல நாள். இரை தூண் ஓரத்துல நிக்கும், குண்டும் சின்னதாப் போட்டாப் போதும். அந்த நாள்லயும் தண்ணி ஏறி முடியறதுக்கு முந்தின ஒரு மணி நேரமும், திரும்பி வத்த ஆரம்பிக்கற முதல் ஒரு மணி நேரமும்தான் நேரம். மத்த நேரம் கொசுவுக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு உட்காரலாம்.

இதை எழுதும்போதே ஒரு எச்சரிக்கை. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் திதி குடுக்க கடற்கரைக்குப் போறவங்க, அது வருஷத்துல தண்ணி வேகமா ஏறி இறங்கற நாள்கள்ல ஒண்ணுன்னு மனசுல வெச்சுக்கோங்க. வயசானவங்களை முழங்காலுக்கு மேல தண்ணியில நிக்க விடாதீங்க.

சரி, எங்க தப்பு என்னன்னு சொல்றோம்.

தூணடியில எறிஞ்சா மாட்டும். சிப்பியில மாட்டும், கல்லுல மாட்டும், பழைய வலையில மாட்டும். நாங்க ஈயக்குண்டுக்குப் பதிலா, வேலையிடத்துல கழிவுத் தொட்டிக்குப் போற பழைய நட்டுகளைக் கேட்டு வாங்கிட்டு வந்து கட்டுவோம். மஞ்சப் பெயின்ட் அடிச்ச பெரிய நட்டு. காசு மிச்சம், ஈயமும் கடலுக்குப் போகாது, நல்ல காரியம்னுதான் நினைச்சோம். மாட்டிக்கிட்டா ரெண்டு இழுப்பு இழுப்போம். வரலன்னா ரீல் பக்கத்துல அறுத்து விட்டுட்டு வேற கட்டுவோம். அறுத்து விட்டது இருபது மீட்டரோ முப்பது மீட்டரோ, யாரும் கணக்குப் பார்த்ததில்ல. இருட்டுல அது எங்க போகுதுன்னும் பார்த்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, தண்ணி நல்லா வத்தியிருந்த நேரம், கரையோர பாக்காவ் மரத்துல ஒரு கருடன் தலைகீழாத் தொங்கிக்கிட்டிருந்துச்சு. நெஞ்சு வெள்ளை, முதுகு செம்மண் நிறம், சந்தேகமே இல்ல. செத்த மீனை எடுக்க வந்திருக்கும். கால்லயும் ஒரு றெக்கையிலயும் தங்கூசி சுத்தி, இழுக்க இழுக்க இறுகியிருந்துச்சு. எங்கள்ல ஒருத்தர் துண்டைப் போட்டு மூடிப் பிடிச்சார், இன்னொருத்தர் பிளையரால ஒவ்வொண்ணா அறுத்தார். காலை வெட்டி எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. அட்டைப் பெட்டியில வெச்சு, யார்கிட்ட குடுக்கறதுன்னு பேசிக்கிட்டிருக்கும்போதே அடங்கிடுச்சு.

தங்கூசியோட அந்த முனையை சேத்துலேர்ந்து இழுத்தோம். மஞ்சப் பெயின்ட் நட்டு வந்துச்சு.

அந்தக் கரையில மஞ்சப் பெயின்ட் நட்டு கட்டறது எங்க கூட்டம் மட்டும்தான். யாரும் யாரையும் குத்தம் சொல்லல. சொல்லவும் முடியாது. யாரு அறுத்து விட்டதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும்தான் அறுத்து விட்டிருக்கோம்.

கும்பாபிஷேகம் நடக்கும்போது நாம என்ன செய்வோம்? குருக்கள் கலசத்துல தண்ணி ஊத்தற நேரம் எல்லார் கண்ணும் வானத்துல. "கருடன் வந்துட்டார், கருடன் வந்துட்டார்"னு பாட்டிமார் கன்னத்துல போட்டுக்குவாங்க, சின்னப் பிள்ளைங்களைத் தூக்கிக் காட்டுவாங்க. எங்கள்ல பல பேர் சாரம் மேல நின்னு அதைப் பார்த்து அழுதிருக்கோம். அதே கருடனை அட்டைப் பெட்டியில வெச்சு மண்ணைத் தோண்டினோம். அக்கா கேட்ட கேள்விக்கு எங்களுக்கு உறுத்தறது இதுதான். இறாலைக் குத்தின கையைப் பத்தி அவங்க கேட்டாங்க. தங்கூசியை அறுத்து விட்ட கையைப் பத்தி எங்களை யாரும் கேட்டதே இல்ல.

அதுக்கப்புறம்தான் கட்டற முறையை மாத்தினோம். இப்ப நட்டை நேரா மெயின் லைன்ல கட்டறதில்ல. கிலி-கிலியிலேர்ந்து ஒரு சாண் நீளத்துக்கு மெலிசான, சீக்கிரம் அறுந்துபோற லைன்ல கட்டறோம். மாட்டறது பெரும்பாலும் குண்டுதான். இழுத்தா அந்த மெலிசு மட்டும் அறும், மத்ததெல்லாம் கைக்கு வந்துடும். இழுக்கும்போது ஜோரானை வளைக்காம, கையுறை போட்டு, லைனை நேராப் பிடிச்சுப் பின்னால நடக்கணும். அப்புறம் வட்ட முள். அது மீன் வாய் ஓரத்துல மாட்டும், வயித்துக்குள்ள போறது குறைவு. அதனால விடணும்னு நினைச்சா உயிரோட விடலாம். வட்ட முள்ளுக்கு வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, ரீலை மெதுவா சுத்தினாலே போதும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தரும் ஒரு பை குப்பை எடுத்துட்டு வரணும். எங்க குப்பை மட்டும் இல்ல, யார் போட்டதா இருந்தாலும். அறுந்த தங்கூசியைச் சின்னத் துண்டா நறுக்கித்தான் குப்பைத் தொட்டியில போடணும்.

முதல் மீன் அதிபத்தருக்கு. அதாவது கடலுக்கு. இது எங்க கூட்டத்துல இப்ப சட்டம் மாதிரி. ஆரம்பத்துல தம்பிங்க முணுமுணுத்தாங்க. ராத்திரி பூராவும் உட்கார்ந்து ஒரே மீன் கிடைச்சு, அதையும் விட்டுட்டு வெறுங்கையா வந்த நாளும் உண்டு. பொன் மீன் எதுவும் வரல, வீட்ல நாசி லெமாக்தான். பரவாயில்ல.

பொடி மீனையும் விடறோம், ரொம்பப் பெரிய கொடுவாவையும் விடறோம். பெரிசை ஏன் விடணும்னு கேப்பீங்க. கொடுவா ஆணாகத்தான் வளரும், பெரிசான பிறகுதான் பெண்ணா மாறும். ஆக பெரிய கொடுவாதான் முட்டை போடற தாய். களவாவுக்கு நேர் எதிர், பெண்ணா இருந்து பின்னால ஆணா மாறும். பெரிசை மட்டும் தேடித் தேடிப் பிடிச்சா ரெண்டு சாதிக்கும் ஜோடி இல்லாமப் போயிடும்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லணும். அம்மாமார் இதைக் கட்டாயம் படிங்க.

எங்க கூடவே காவடிக் குழுவுல இருக்கற ஒரு தம்பி, வேற ஒரு பாலத்தடியில தண்ணி வத்தியிருந்தப்ப நடந்தே போய் தூணோட அடிக்கட்டு மேல ஏறி உட்கார்ந்துட்டான். அங்கேர்ந்து போட்டா மீன் அதிகம்தான், பொய் இல்ல. ஆனா பாசி வழுக்கும், சிப்பி கத்தி மாதிரி வெட்டும், தண்ணி ஏறும்போது முன்னால ஏறாது, முதல்ல நமக்குப் பின்னாலதான் ஏறும். அவன் திரும்பிப் பார்த்தப்ப கரைக்கும் அவனுக்கும் நடுவுல ஆள் மட்டம் தண்ணி. நீச்சல் தெரியாது. ஒரு மலாய்க்கார பாக்சிக் சம்பானை ஓட்டிட்டு வந்து ஏத்தி விட்டார். காசு வாங்கல. "நாளைக்கு உங்க அம்மா அழக்கூடாது"ன்னு மட்டும் சொன்னாராம். அந்தத் தம்பியோட அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் இது தெரியாது. பேர் போடாததுக்குக் காரணம் அதுதான்.

அதனால தூண்டில் தம்பிமாருக்கு அண்ணன்மார் சொல்றது:

எந்த மீனுக்காகவும் தூண் மேல ஏறாதே. எட்டற தூணுக்குப் போடு, எட்டாததை விடு. அறிவிப்புப் பலகை வேண்டாம்னு சொன்னா திரும்பி வா.

தனியாப் போகாதே. மிதவைச் சட்டை போடு. எங்க இருக்கேன்னு வீட்ல சொல்லிட்டுப் போ. ஆபத்துன்னா 999.

வானம் மேற்கே கறுத்தா ஜோரானை மடக்கு. விடியக்காலையில வர்ற சுமத்ரா காத்து நிமிஷத்துல வந்துடும். கார்பன் ஜோரான் மின்னலை இழுக்கற கம்பி மாதிரி.

செம்பிலாங், திருக்கை ரெண்டுக்கும் விஷ முள். குத்திட்டா மஞ்சள் தடவிக்கிட்டு உட்காராதே. தாங்கற சூட்டுல வெந்நீர்ல வெச்சுக்கிட்டே மருத்துவமனைக்குப் போ. சர்க்கரை வியாதி உள்ளவங்க செருப்போட கூட சேத்துல இறங்காதீங்க, மூடின காலணி போடுங்க. நம்ம சமூகத்துல சிப்பி வெட்டின காயம் விரலை எடுக்கற வரைக்கும் போறது புதுசு இல்ல.

விரத காலத்துல தூண்டிலைத் தொடாதே. புரட்டாசியிலயும், தைப்பூச விரதத்துலயும் எங்க ஜோரானெல்லாம் வீட்டுக் கூரையடியில தூங்கும். தொண்டுக்கு வர்ற அன்னிக்கு முந்தின ராத்திரி மீன் பிடிக்கப் போகறதில்லன்னும் இப்ப முடிவு பண்ணியிருக்கோம். இது அந்த அக்கா கேட்டதுக்காகவே. கேட்டது நல்லதாப் போச்சு.

கோயில் நிர்வாகத்துக்கும் பெரியவங்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

இதைப் பத்தி கோயில்ல பேசலாம்னு நாங்க சொன்னப்ப, "தூண்டிலுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம், இதையெல்லாம் இங்க பேசினா அசிங்கம்"னு சிலர் சொன்னாங்க. எங்க கருத்து வேற. பேசாம இருந்தா தம்பிங்க போகாம இருக்கப் போறதில்ல. ஒளிஞ்சு போவாங்க, வீட்ல சொல்லாமப் போவாங்க. அதுதான் ஆபத்து. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் தூண்டில் பிடிச்சுக்கிட்டிருக்கறது, வேற எதையாவது பிடிச்சுக்கிட்டிருக்கறதை விட ஆயிரம் மடங்கு மேல்னு எங்களுக்குத் தெரியும், பிள்ளை பெத்த உங்களுக்கும் தெரியும். விரட்டாதீங்க, ஒழுங்காச் செய்யச் சொல்லிக் குடுங்க. ஆவணியில அதிபத்தர் குருபூஜை அன்னிக்கு, சொற்பொழிவோட சேர்த்து ஒரு காலைப் பொழுது கரையைச் சுத்தம் பண்ணப் போகலாம். சாக்கும் கையுறையும் நாங்க ஏற்பாடு பண்றோம்.

அப்படிப் போகும்போது ஒண்ணு கவனிப்பீங்க. தங்கூசி மட்டும் இல்ல, பிளாஸ்டிக் பையோட வீசின மாலை, உடைஞ்ச சாமி படம், கற்பூர டப்பா எல்லாம் அங்கதான் கிடக்கு. அதைத் தூண்டில்காரன் போடல. எங்களைக் காப்பாத்திக்கறதுக்காக இதைச் சொல்லல. கடல் ஒண்ணுதான், அதுல போடற கையில மட்டும்தான் வித்தியாசம்.

அக்கா, உங்க கேள்விக்கு எங்க பதில் இதுதான். இறாலைக் குத்தின கையைக் கழுவிட்டு வந்து அம்மனுக்குப் பூ எடுத்துக் குடுக்கலாம்னு நாங்க நம்பறோம். தங்கூசியை அறுத்து விட்டுட்டு வந்த கையை மட்டும் கழுவ முடியல. அதுக்குத்தான் இப்ப ஒவ்வொரு தடவையும் ஒரு பை குப்பையோட கரை ஏறறோம். அடுத்த வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவும்போது பாருங்க, மஞ்சப் பெயின்ட் நட்டு ஒண்ணு எங்க எல்லார் சாவிக் கொத்துலயும் தொங்குது. ஏன்னு யாராவது கேட்டா கருடன் கதையைச் சொல்லுங்க.

தப்பா ஏதாவது எழுதியிருந்தா மன்னிக்கணும். மாத்துக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, நேர்ல பார்த்தா திட்டுங்க, கேட்டுக்கறோம்.

ஓம் சக்தி. சிவாயநம.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள் சார்பில் ஒருவர்